சாலைக் கம்போளமும் ஒரு துவர்த்தும்

மஸ்கட்டில் இருக்கும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஊர் என்றால் முதலில் திருவனந்தபுரம் விமான நிலையம்தான். அங்கே இறங்கி, பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு, களியக்காவிளை தாண்டினால்தான் நாகர்கோவில். அதனால் வருடா வருடம் மே மாதம் நெருங்கும்போது என்னிடம் ஒரே மாதிரி கேள்வி வரும். "அண்ணாச்சி, நீங்க சாலையில நாலு வருசம் வேலை பார்த்திருக்கீங்களே, வீட்டுல பொம்பளைங்களுக்குச் சும்மா உடுத்துறதுக்கு அங்க என்ன வாங்கலாம்? அம்மாவுக்கும் ஆகணும், பொண்ணுக்கும் ஆகணும்."

பி.காம். படித்துவிட்டு வங்கியில் உட்கார்ந்தவனிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று நினைக்கலாம். ஆனால் 2008 முதல் 2012 வரை நான் இருந்த கிளையில் கணக்கு வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் துணி சம்பந்தப்பட்டவர்கள். மொத்த வியாபாரி, பிட் துணி விற்பவர், நைட்டி தைத்துக் கொடுக்கும் குடும்பஸ்ரீ குழு, நூல் கடைக்காரர். கடன் விண்ணப்பத்தில் சரக்கின் பெயர் படித்துப் படித்தே போப்ளினுக்கும் மல்லுக்கும் வித்தியாசம் தெரிந்துகொண்டவன் நான். வாங்க வேண்டியதை இந்தப் பதிவின் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்தச் "சும்மா உடுத்துறது" என்ற விஷயத்துக்கு நம்ம ஊர்ப்பக்கம் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லாமல் துணிக்கடைக்குள் போக எனக்கு மனசு வரவில்லை.

சாலையைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பத்மநாபசுவாமி கோவிலின் கிழக்கே கோட்டை வாசலைத் தாண்டி வெளியே வந்தால், கிள்ளிப்பாலம் நோக்கிப் போகும் நெருக்கடியான தெருதான் சாலைக் கம்போளம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், தர்மராஜா என்று சொல்லப்படும் கார்த்திகைத் திருநாள் மகாராஜா காலத்தில், திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் உருவாக்கியது. 1789-ல் திவான் ஆனவர். இன்றைய குமரி மாவட்டப் பகுதியில் பிறந்தவர். ஆலப்புழைத் துறைமுகத்துக்கும் அவர்தான் காரணம். தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய காலம் அது. அரண்மனைக்கும் கோவிலுக்கும் பட்டாளத்துக்கும் சாமான் வேண்டும் அல்லவா? கரமனை ஆறும் கிள்ளியாறும் பக்கத்தில். தெற்கே நாஞ்சில் நாட்டிலிருந்தும் பாண்டி நாட்டிலிருந்தும் சரக்கு வண்டிகள். கூடவே தமிழ் வியாபாரிகளும் வந்து தங்கினார்கள். இன்றும் சாலையில் ஒரு கடைக்குள் நுழைந்து தமிழில் விலை கேட்கலாம். பதில் தமிழிலேயே வரும். அந்தத் தெருவில் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே கதை எழுதியவர் ஆ. மாதவன். 2015-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்து, 2021-ல் காலமானார். சாலையின் வாசனை வேண்டுமென்றால் அவருடைய கடைத்தெருக் கதைகளைத் தேடிப் படியுங்கள். நான் கணக்கு எழுதத் தெரிந்தவன் மட்டும்தான்.

அந்தத் தெருவில் காலையில் ஒரு மணி நேரம் நின்றால் கேரளத்துப் பெண்கள் உடுத்துவதெல்லாம் கண்முன் போகும். மீன்காரச் சேச்சி கைலியும் ஜம்பரும், தோளில் ஒரு துவர்த்தும். கோவிலுக்குப் போகும் அம்மா செட்முண்டில். ஆபீஸ் போகிறவர் சுடிதாரில் (அங்கே துப்பட்டாவுக்கு ஷால் என்று பெயர்). கல்லூரிப் பெண் ஜீன்ஸும் குர்த்தாவும். பால் வாங்க வந்த வீட்டுக்காரி நைட்டியில், அதன் மேலும் ஒரு துவர்த்து. யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இருநூறு வருடத்துக்கு முன் இதே தெருவில் ஒரு பெண்ணைப் பார்த்த உடனே அவள் என்ன சாதி, யார் வீட்டு வேலைக்காரி, யாருக்கு வழிவிட வேண்டியவள் என்று சொல்லிவிடலாம். உடையே அடையாள அட்டை. திருவிதாங்கூரில் சாதி கீழே போகப் போகத் துணி குறையும். நாடார் பெண்கள் (அன்றைய அரசு ஆவணங்களில் "சாணார்") இடுப்புக்கு மேலே எதுவும் போடக்கூடாது. தங்கம் கூடாது, செருப்பு கூடாது, குடை கூடாது. குடத்தை இடுப்பில் வைத்துத் தண்ணீர் எடுக்கக்கூடாது என்றுகூட இருந்தது. எனக்கு இந்த விதிதான் எல்லாவற்றையும்விட ஆச்சரியம். மற்றதெல்லாம் அந்தஸ்து சமாச்சாரம் என்று வையுங்கள். இடுப்பில் குடம் வைப்பது சௌகரியம், அவ்வளவுதானே! ஒரு மனுஷியின் சின்ன சௌகரியத்தைக்கூட விடாமல் கணக்கெடுத்துத் தடுத்திருக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேல்சாதிப் பெண்களும் எப்போதும் மூடிக்கொண்டு இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுக்கு மேலே ஒரு நேரியது போட்டுக்கொள்ள உரிமை உண்டு. ஆனால் சாமிக்கும் ராஜாவுக்கும் முன்னால் அதை எடுத்துவிட வேண்டும். நெஞ்சைத் திறப்பது மரியாதை என்ற பழைய கணக்கு. ஆண்களுக்கும் அதே கணக்குதான். பத்மநாபசுவாமி கோவிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றுவது அந்த வழக்கத்தில் மிச்சம் இருப்பது. 2024 டிசம்பர் கடைசியில் சிவகிரி மடத்துச் சுவாமி சச்சிதானந்தா, கோவில்களில் சட்டையைக் கழற்றச் சொல்லும் வழக்கத்தை விடவேண்டும் என்று பேச, முதல்வர் பினராயி விஜயனும் அதை ஆமோதிக்க, கேரளமே ஒரு வாரம் விவாதித்தது ஞாபகம் இருக்கும். ஆக, மேல்சாதிக்காரர் சாமி முன்னால் சில நிமிடம் செய்ததை, கீழே தள்ளப்பட்டவர் எல்லா மேல்சாதிக்காரர் முன்னாலும் ஆயுள் முழுக்கச் செய்யவேண்டும். சட்டத்தின் உள்ளே இருந்த சூத்திரம் இதுதான்.

இந்த இடத்தில் இணையத்தில் சுற்றும் "முலைவரி" பற்றி ஒரு வார்த்தை. வரி என்றால் நம்ம துறை ஆயிற்றே. ஆணுக்குத் தலைவரி என்பதுபோலப் பெண்ணிடம் வாங்கிய ஆள்வரிக்கு அந்தப் பெயர் இருந்தது, வரியைக் கட்டினால் மூடிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு இல்லை என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. பணம் கட்டி வாங்கக்கூடிய அனுமதியாக இருந்திருந்தால் இத்தனை கலவரம் நடந்திருக்காது. விலையே வைக்காத சரக்கு அது.

பிறகு நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன்காரர்கள் வந்தார்கள். 1806-ல் மயிலாடியில் ரிங்கல்தௌபே, 1818-ல் நாகர்கோவிலில் மீட், அடுத்த வருடம் மால்ட் தம்பதி. மதம் மாறிய பெண்களுக்கு என்ன உடுத்தக் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. மிஷனரிகளின் மனைவிமார் ஒரு தொளதொள ஜாக்கெட்டைத் தைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மார்த்தா மால்ட் 1820-களின் தொடக்கத்தில் லேஸ் பின்னும் பள்ளியும் தொடங்கினார். நம்ம பக்கத்து லேஸ் வேலை அங்கே இருந்து வந்ததுதான்.

இது உலகம் பூராவும் நடந்த கதை. ஏறக்குறைய இதே நேரம், 1820-ல், ஹவாய்த் தீவுகளுக்கு அமெரிக்க மிஷனரிகள் போய் இறங்கினார்கள். அங்கே ராஜ குடும்பத்துப் பெண் ஒருவர் கப்பலுக்கே வந்து, உங்கள் மனைவிமார் போட்டிருப்பது மாதிரி எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்க, கப்பல் தளத்திலேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார்கள். இடுப்பு இறுக்கம் அந்த ஊர் வெயிலுக்கும் உடம்புக்கும் ஒத்துவராது என்று நெஞ்சிலிருந்து நேரே கீழே விழும்படி தளர்த்தித் தைத்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் பிறகு உலகமெங்கும் பேர்பெற்ற மூமூ. நைட்டிக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள் :-) ஆனால் ஒரு வித்தியாசம். ஹவாயில் அரச குடும்பத்துப் பெண் வாய்விட்டுக் கேட்டு வாங்கினார். நம்ம ஊரில் ஏழைப் பெண் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனால் அடி விழுந்தது.

1812-லிருந்து 1814-க்குள், ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் போடும் மாதிரியான சட்டை. பிரச்சினை இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கதையில் பலர் கவனிக்காமல் விடும் இடம்.

அந்தப் பெண்கள் ஜாக்கெட்டோடு நிற்கவில்லை. ஜாக்கெட்டின் மேலே, தோளில், ஒரு மேல்சீலையும் போட்டுக்கொண்டார்கள். உடம்பை மூடுவதற்கு ஜாக்கெட்டே போதும். மேல்சீலை எதற்கு? அது மேல்சாதிப் பெண் போடுவது. அதனால்தான் போட்டார்கள், எதிர்த்தரப்பு பிடித்து இழுத்துக் கிழித்ததும் அதனால்தான். இந்தப் போராட்டத்துக்குத் "தோள்சீலைக் கலகம்" என்று பெயர் வந்ததே அதை வைத்துத்தான். 1822-23-ல் ஒரு சுற்று. 1827-லிருந்து இன்னொரு சுற்று. 1829 பிப்ரவரி 3-ம் தேதி அரசு ஒரு விளம்பரம் போட்டது: கிறிஸ்தவப் பெண்கள் ஜாக்கெட் போடலாம், மேல்சீலை கூடாது.

இந்த மிஷன் கதைக்குப் பக்கத்திலேயே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர். மதம் மாறாமலேயே, ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார், பெண்களை மேலே சீலை போடச் சொன்னார். அவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திருவனந்தபுரத்தில் சிறையில் வைத்தார்கள். தலையில் ஒரு முழத் துணியும் தோளில் ஒரு முழத் துணியும் ஒரு அரசாங்கத்தை அப்படிப் பயமுறுத்தியிருக்கின்றன.

மூன்றாவது சுற்று பெரியது. 1858 நவம்பரில் விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வாசிக்கப்பட்டது. இனி நமக்கும் உரிமை என்று ஒரு பக்கம், இனி வெள்ளைக்காரன் நம் வழக்கத்தில் தலையிட மாட்டான் என்று இன்னொரு பக்கம், இரண்டு பேரும் அதே காகிதத்தை அவரவர் சௌகரியப்படி படித்தார்கள். சந்தைகளில் பெண்களின் சீலை பிடுங்கப்பட்டது. ஜெபக்கூடங்களும் பள்ளிகளும் எரிந்தன. கோட்டாறு, நாகர்கோவில் பக்கம் கலவரம். திவான் டி. மாதவராவ், ரெசிடெண்ட் கல்லன், மெட்ராஸ் கவர்னர் சார்லஸ் டிரெவிலியன் என்று கடிதங்கள் பறந்தன. கடைசியில் 1859 ஜூலை 26-ம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜாவின் அரசாணை வந்தது.

அந்த ஆணையைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். வங்கியில் கடன் அனுமதிக் கடிதம் படிக்கிற மாதிரி, நிபந்தனையைப் பார்த்துப் படிக்க வேண்டும். நாடார் பெண்கள் எல்லோரும், கிறிஸ்தவப் பெண்களைப்போல ஜாக்கெட் போடலாம். அல்லது முக்குவர் பெண்களைப்போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். அல்லது வேறு எந்த விதமாகவும் மூடிக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல மட்டும் கூடாது.

மூடலாம். சௌகரியமாக இருக்கலாம். எங்களை மாதிரி மட்டும் தெரியக் கூடாது! நாற்பத்தைந்து வருடக் கலவரத்தின் சாரம் அந்தக் கடைசி நிபந்தனையில் இருக்கிறது. வெட்கம், கௌரவம், ஒழுக்கம் என்று எந்தப் பெயரில் பேசினாலும், சண்டை யார் யாரை மாதிரி தெரியலாம் என்பதைப் பற்றித்தான். நடைமுறையில் அந்த நிபந்தனை நிற்கவில்லை. பெண்கள் தங்களுக்குப் பிடித்தபடி உடுத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு துணி எந்தச் சாதிக்கு உரிமை என்று ஜவுளிக்கடைக்காரன் பார்த்துக்கொண்டிருப்பானா?

வீட்டுக்குள் நடந்த சண்டை இன்னும் கொஞ்ச காலம் நீடித்தது. திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சராக 1951-52-ல் இருந்த சி. கேசவன் தன் சுயசரிதையான "ஜீவித சமர"த்தில் மாமியார் சொன்ன ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். இளவயதில் அந்த அம்மாவுக்குத் திருவனந்தபுரத்திலிருந்த நாத்தனார் இரண்டு ரவுக்கை கொடுத்தாராம். ஆசையாகப் போட்டுக்கொண்டு நின்றால், பெற்ற தாயே, முஸ்லிம் பெண்களைப்போலச் சட்டை போட்டுத் திரியவா போகிறாய் என்று கோபப்பட்டு, கழற்றச் சொல்லிவிட்டார். பிறகு ராத்திரியில் மட்டும் போட்டுக்கொண்டாராம். இதிலும் அதே வார்த்தைதான், கவனித்தீர்களா? "போல". பகலில் போடக்கூடாதது, ராத்திரி யாரும் பார்க்காதபோது போடலாம். நைட்டி என்ற பெயரே இல்லாத காலத்தில் ரவுக்கை நைட்டியாக இருந்திருக்கிறது.

என் பாட்டி 1920-களில் பிறந்தவள். எங்கள் வீட்டில் முண்டும், முழங்கை வரைக்கும் வரும் தளர்வான ஜம்பரும்தான் அவளுக்கு. வெளித்திண்ணைக்கு வரவேண்டும் என்றாலும் நேரியலை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் வருவாள். சின்ன வயதில் அதைப் பார்த்து, வயசானவர்களுக்குக் குளிரும்போல என்று நினைத்திருக்கிறேன். அவளுடைய பாட்டி காலத்தில் அந்த ஒரு துண்டைப் போட்டதற்காகச் சந்தையில் வைத்து அடித்திருப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பள்ளிப் புத்தகத்தில் வந்த அரைப் பக்கத்தில் பெண்கள் யாருடைய முகமும் தெரியவில்லை. அவளுக்கும் யாராவது சொல்லியிருப்பார்களா, தெரியாது. கை மட்டும் தானாகப் போய் நேரியலை எடுக்கும்.

அம்மா தலைமுறைக்கு நைட்டி வந்தது. நைட்டியைக் கிண்டல் செய்வது சினிமாவிலும் மேடையிலும் சுலபமான சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு இல்லை. ஆறு முழமோ எட்டு முழமோ சுற்றி, மடித்துச் செருகி, அடுப்படியில் ஈரத்தோடு அல்லாடிக்கொண்டிருந்த ஒருத்திக்குத் தலைவழியே மாட்டினால் முடிந்தது என்று ஒரு உடை கிடைத்திருக்கிறது. இளைத்தாலும் பெருத்தாலும் பிள்ளை உண்டானாலும் அதே உடை. மேல்சாதி, கீழ்சாதி, இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், பணக்கார வீடு, கூலி வீடு எல்லாவற்றுக்கும் ஒன்று. 1859-ன் நிபந்தனை உண்மையில் செத்துப்போனது நைட்டியில்தான் என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்களா? பால்காரர் மணி அடிக்கும்போது வாசலில் வந்து நிற்கும் பெண்ணின் நைட்டியைப் பார்த்து யாராலும் சாதி சொல்ல முடியாது.

ஆனால் அதன் மேல் ஒரு துவர்த்து இருக்கும். எங்க அம்மாவுக்கும் அப்படித்தான். மஸ்கட்டில் எட்டாவது மாடியில், கதவைத் தட்டுவது தண்ணீர் கேன் கொடுக்கும் பையன் என்று தெரிந்தாலும், துவர்த்து தோளுக்கு வந்த பிறகுதான் கதவு திறக்கும். "தோள்ல ஒண்ணுமில்லாம எப்படிப்பா நிக்கிறது" என்பார்கள். நான் வற்புறுத்துவதில்லை. ஆனால் என் பெண் ஒருநாள் வீட்டில் போடும் சட்டையோடு கீழே போகக் கிளம்பியபோது, அதே துவர்த்தை அவள் தோளில் போடப் போனார்கள். அப்போதுதான் எனக்கு மூன்று தலைமுறையும் ஒரே வரிசையில் தெரிந்தது. அன்றைக்குத் தோளில் இருந்த துணியைப் பிடித்து இழுத்தார்கள். இன்றைக்கு அதே துணி தோளில் இல்லாவிட்டால் எங்கே என்று கேட்கிறோம். கேட்பவர்கள் வேறு ஆட்கள். அன்றைக்கு அரசாங்கமும் சந்தையில் நின்ற முரடர்களும், இன்றைக்கு நாமே. என் பெண் துவர்த்தை வாங்கிச் சோபாவில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிந்தது.

ஊரில் இது வீட்டுக்குள் மட்டும் நிற்கவில்லை. 2018-ல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலப்பள்ளி என்ற கிராமத்துப் பெரியவர்கள், காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை நைட்டியோடு வெளியே வந்தால் 2,000 ரூபாய் அபராதம் என்று முடிவு செய்தார்கள். காட்டிக் கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் சன்மானம். வசூலில் பாதியைக் கமிஷனாகக் கொடுக்கும் ஒரே அபராதத் திட்டம் இதுவாகத்தான் இருக்கும். எந்தத் தணிக்கையாளரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சாலைக்குப் பக்கத்திலேயே 2016-ல் நடந்ததைப் பாருங்கள். பத்மநாபசுவாமி கோவிலில் பெண்கள் சுடிதாரோடு நேரே உள்ளே போக முடியாது. அதன் மேல் இடுப்பில் ஒரு முண்டைச் சுற்றிக்கொண்டால் போகலாம். அந்த முண்டு கோவில் வாசலில் வாடகைக்குக் கிடைக்கும். அந்த நவம்பர் கடைசியில் கோவில் நிர்வாக அதிகாரி, சுடிதாரோடு வரலாம் என்று உத்தரவு போட்டார். எதிர்ப்பு வந்தது. டிசம்பர் 8-ம் தேதி உயர்நீதிமன்றம், இது தந்திரியின் முடிவுக்கு உட்பட்டது, நிர்வாக அதிகாரிக்கு மாற்ற அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. பழைய வழக்கமே தொடர்ந்தது. கோவில் சம்பிரதாயத்தில் எனக்கு வழக்கில்லை. ஆனால் முழுக்க மூடிய ஒரு உடைக்கு மேல் இன்னொரு துணி கேட்கும்போது அது மூடுவதற்காகக் கேட்பதில்லை என்பது தெளிவு. ஜாக்கெட்டுக்கு மேல் மேல்சீலை கேட்ட பெண்களின் கதையைத் திருப்பிப் போட்டால் இதுதான்.

அலுவலகங்களிலும் இதே துண்டுத் துணி. 2019-ல் தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு வந்த உடை உத்தரவில் பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார். அந்தத் துப்பட்டாவை மறக்காமல் எழுதியிருந்தார்கள். கேரளத்தில் 2021 நவம்பரில், ஆசிரியைகளைச் சேலைதான் கட்டவேண்டும் என்று எந்தக் கல்வி நிறுவனமும் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர்களுக்குச் சௌகரியமானதை உடுத்தலாம் என்று உயர்கல்வித் துறை தெளிவுபடுத்தியது. "சௌகரியம்" என்ற சொல் ஒரு அரசாணைக்குள் வருவதற்கு 1859-லிருந்து 162 வருடம் ஆகியிருக்கிறது.

சரி, கடைக்குப் போவோம்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பாலராமபுரம் கைத்தறியில் ஒரு செட்முண்டு எடுங்கள். பாலராமபுரம் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வரும் வழியில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராமவர்மா மகாராஜா காலத்தில் தமிழ்ப் பக்கத்திலிருந்து சாலியர்களைக் குடியேற்றி உண்டாக்கிய நெசவு ஊர். குழித்தறியில் நெய்வது, வெளுக்காத நூல், துவைக்கத் துவைக்க மெதுவாகும். தினமும் உடுத்த அகலக் கசவு வேண்டாம், கரை சின்னதாக இருக்கட்டும். ஜரிகை கனம், விலையும் கனம். விசைத்தறியில் நெய்ததையும் கைத்தறி என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. புவிசார் குறியீடோ கைத்தறி முத்திரையோ இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஜம்பரை மட்டும் ஆயத்தமாக வாங்காதீர்கள். தோள் வலி உள்ளவர்களுக்கு முன்பக்கம் கொக்கி வைத்து, அக்குளில் ஒரு விரல் கூடுதலாக விட்டுத் தைக்கச் சொல்ல வேண்டும்.

நைட்டிக்கு ஆயத்தமானதைவிடப் பிட் எடுத்துத் தைப்பது லாபம். கடையில் நைட்டி பிட் என்று கேட்டாலே மூன்று மீட்டர் வெட்டு எடுத்துப் போடுவார்கள். அடுப்படியில் நிற்பவர்களுக்குப் பருத்தி மட்டும். ரயான் குளிர்ச்சியாக வழுக்கிக்கொண்டு நிற்கும், மனசு இழுக்கும். ஆனால் நனைந்தால் கனக்கும், முதல் துவைப்பில் சுருங்கும். பளபளக்கும் சிந்தெடிக் துணி தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆற்றுக்கால் பொங்கல் சமயத்தில் சாலைத் தெருவிலேயே லட்சக்கணக்கான பெண்கள் அடுப்பு மூட்டி உட்காருவார்கள், தெரியும்தானே. அதற்குப் போவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். புதுத் துணியை ஒருமுறை நனைத்துக் காயப்போட்ட பிறகு தையல்காரரிடம் கொடுங்கள்.

நடு வயதுக்காரர்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பருத்தியில் நீளக் குர்த்தா. கீழே பலாசோவோ ஜீன்ஸோ அவரவர் இஷ்டம். ஒரே குர்த்தாவை அம்மாவும் பெண்ணும் மாற்றி மாற்றிப் போடும் வீடுகள் எனக்குத் தெரியும். பக்கத் திறப்பு கொஞ்சம் தாராளமாக இருந்தால் இரண்டு பேருக்கும் ஆகும். ஷால் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்பார். உங்களிடம் கேட்டால் பதில் சொல்லாதீர்கள், போடப் போகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, இது வங்கிக்காரன் வேண்டுகோள். எதைத் தைத்தாலும் பாக்கெட் வைக்கச் சொல்லுங்கள். கவுண்டரில் உட்கார்ந்திருந்த நாலு வருடத்தில் பெண்கள் பணத்தை முந்தியில் முடிந்தும், ஜம்பருக்குள் செருகியும், துவர்த்தின் முனையில் கட்டியும் கொண்டு வந்து, திரும்பி நின்று எடுத்துக் கொடுத்ததைத்தான் பார்த்தேன். நைட்டி தைக்கும் குழுவுக்குக் கடன் கொடுத்தபோது நான் கேட்ட ஒரே நிபந்தனையில்லாத நிபந்தனை அதுதான். அவர்கள் சிரித்தார்கள், ஆனால் அடுத்த லாட்டில் வைத்துத் தைத்தார்கள். அது முதலில் விற்றுத் தீர்ந்தது. வலது பக்கம், கைபேசி நிற்கிற ஆழம், ஓரத்தில் இரட்டைத் தையல். கூலி கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள்.